அம்மாவின் போன் இரவில் யாருக்கு வேலை செய்தது?

"நீங்கள் ரோபோ இல்லை என்று உறுதிசெய்யுங்கள்."

சுமார் ஒரு மாதத்துக்கு முன்னால் வீட்டில் எல்லோருக்கும் இந்தக் கேள்வி வர ஆரம்பித்தது. தேடுபொறியில் எதைத் தட்டினாலும் முதலில் ஒரு படக்கட்டம். போக்குவரத்து விளக்கு இருக்கும் கட்டங்களைத் தொடு, பேருந்து இருக்கும் கட்டங்களைத் தொடு. என் மடிக்கணினியில் வந்தது, தம்பியின் போனில் வந்தது, அப்பா செய்தி படிக்கும் டேப்லட்டிலும் வந்தது. ஒரு வாரம் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு, தினமும் போகும் இரண்டு தளங்கள் "உங்கள் முகவரியிலிருந்து வழக்கத்துக்கு மாறான கோரிக்கைகள் வருகின்றன" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டன. அன்று மாலைதான் இதை உட்கார்ந்து பார்த்தே ஆகவேண்டும் என்று தோன்றியது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அம்மாவின் போன் ஒரு பாட்நெட்டில் சேர்ந்திருந்தது. எங்கேயோ இருக்கும் ஒருவர் கட்டளை கொடுக்க, அவர் கைக்குள் இருக்கும் ஆயிரக்கணக்கான போன்களில் ஒன்றாக அது வேலை செய்துகொண்டிருந்தது. போன் சூடாகவில்லை, மெதுவாகவில்லை, கணக்கிலிருந்து பணம் போகவில்லை. அம்மாவைக் கேட்டால் "நல்லாத்தானே இருக்கு" என்பார். அவர் சொன்னதும் பொய் இல்லை. அந்தப் போன் அவருக்கு எந்தக் கெடுதலும் செய்யவில்லை, மற்றவர்களுக்குத்தான் செய்தது. போன் வைத்திருப்பவருக்கு வலிக்காத நோயை யார் தேடிப் பார்ப்பார்கள்? அதனால்தான் நான் பார்த்த வழியை, தப்பிய இடங்களையும் சேர்த்து, அப்படியே எழுதி வைக்கிறேன்.

வீட்டுக்குள்ளேதான் என்று எப்படித் தெரிந்தது

முதல் சந்தேகம் வெளியே போனது. பல இணைய நிறுவனங்கள் ஒரே பொது ஐபி முகவரியை, அதாவது இணையத்தில் ஒரு இணைப்பை அடையாளம் காட்டும் எண்ணை, நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர்களுக்குப் பங்கு போட்டுக் கொடுக்கின்றன. அதில் யாரோ ஒருவர் செய்யும் குளறுபடிக்கு எல்லோரும் மாட்டுவது உண்டு. இதைச் சரிபார்ப்பது எளிது. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் அது வெளியிலிருந்து வாங்கியிருக்கும் முகவரி இருக்கும். இணையத்தில் 'என் முகவரி என்ன' என்று கேட்டால் அதுவும் ஒரு முகவரியைக் காட்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால் அந்த முகவரி நமக்கு மட்டும் உரியது. எங்களுக்கு ஒன்றாகவே இருந்தது.

அடுத்து ரவுட்டரை அணைத்து, சற்றுப் பொறுத்துப் போட்டேன். புது முகவரி கிடைத்தது, படக்கட்டம் மறைந்தது. சரி, முடிந்தது என்று விட்டிருப்பேன். இரண்டாம் நாள் மாலை மறுபடி அதே கேள்வி வந்தது. திரும்பவும் அணைத்துப் போட்டேன், மூன்றாம் நாள் காலையில் வந்துவிட்டது. புதிதாக வாங்கிய முகவரி இரண்டே நாளில் கறைபடுகிறது என்றால், கறை நம் கையில்தான் இருக்கிறது.

என் மடிக்கணினிதான் என்று நினைத்தேன். எதையாவது இறக்கி ஓட்டிப் பார்க்கிற ஆள் வீட்டில் நான்தான். இரண்டு இரவு அதைத் துருவியதில் ஒன்றும் கிடைக்கவில்லை. ரவுட்டரின் மென்பொருளைப் புதுப்பித்தேன், கடவுச்சொல்லை மாற்றினேன், யூபிஎன்பி என்ற வசதி திறந்திருந்தது (உள்ளே இருக்கும் கருவி கேட்டால் ரவுட்டர் தானாகவே வெளிவாசலைத் திறந்துவிடும் வசதி), அதையும் மூடினேன். இதெல்லாம் எப்படியும் செய்யவேண்டியவை. ஆனால் படக்கட்டம் நிற்கவில்லை.

அப்புறம்தான் ரவுட்டரில் கருவிவாரியாக டேட்டா கணக்கு இருப்பது கண்ணில் பட்டது. அந்தப் பக்கத்தில் ஒரு வரி தனியாகத் தெரிந்தது. அம்மாவின் போன், ஒரு வாரத்தில் இறக்கியது 11 ஜிபி, ஏற்றியது 10.6 ஜிபி.

இதில் அளவை விட விகிதம்தான் முக்கியம். சாதாரணமாக ஒரு போன் நிறைய இறக்கும், கொஞ்சம் ஏற்றும். காணொளி பார்ப்பது, படம் பார்ப்பது, செய்தி படிப்பது எல்லாமே இறக்கும் வேலை. தம்பியின் போனில் இறக்கியதில் பத்தில் ஒரு பங்குகூட ஏற்றியதாக இல்லை. இறக்குவதும் ஏற்றுவதும் கிட்டத்தட்ட சமமாக இருந்தால், உள்ளே வருவதெல்லாம் அப்படியே வெளியே போகிறது என்று அர்த்தம். அதாவது போன் யாருக்கோ குழாயாக இருக்கிறது. யாரோ ஒருவர் நம் போன் வழியாக ஒரு தளத்தைத் திறக்கிறார். தளத்தின் பக்கம் போனுக்கு வருகிறது, போன் அதை அவருக்கு அனுப்புகிறது. தளத்தின் கண்ணுக்கு வந்தது எங்கள் வீடு.

அந்த ஒரு வரியைப் பார்த்ததும் வயிறு கொஞ்சம் கலங்கியது, மறைக்க விரும்பவில்லை. அம்மா அந்தப் போனில்தான் வங்கிக் கணக்கைப் பார்ப்பார்.

குழாய்க்குள் என்ன ஓடுகிறது

மடிக்கணினியில் ஒரு வைஃபை ஹாட்ஸ்பாட் திறந்து, அம்மாவின் போனை அதில் மட்டும் இணைத்து, வயர்ஷார்க்கை ஓடவிட்டேன். போகிற வருகிற ஒவ்வொரு பொதியையும், அதாவது டேட்டாவின் ஒவ்வொரு சின்னத் துண்டையும், காட்டும் இலவச மென்பொருள் இது. போனின் திரையை அணைத்து மேசையில் வைத்துவிட்டேன். யாரும் தொடவில்லை.

முதல் பத்து நிமிடம் எதிர்பார்த்ததுதான். அறிவிப்புகளுக்கான இணைப்பு, நேரம் சரிபார்ப்பது, வாட்ஸப். ஆனால் அதற்கிடையே ஒரு இணைப்பு மட்டும் வேறு மாதிரி இருந்தது. பாதுகாப்பான தளங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் 443 என்ற வாசல் எண் (போர்ட்) இல்லை. முகவரிக்குப் பெயரும் இல்லை, வெறும் எண். 45 நொடிக்கு ஒருமுறை ஒரு சின்னப் பொதி போகும், ஒரு சின்னப் பொதி வரும். இதயத் துடிப்பு மாதிரி, தவறவே இல்லை.

இது ஏன் தேவைப்படுகிறது என்று புரிந்துகொண்டால் பாட்நெட்டின் பாதி வேலை புரிந்துவிடும். வீட்டு ரவுட்டருக்குப் பின்னால் இருக்கும் போனை வெளியிலிருந்து யாரும் நேராகக் கூப்பிட முடியாது. அதனால் போன்தான் உள்ளேயிருந்து போய்க் கதவைத் திறந்து, அதைப் பிடித்துக்கொண்டே நிற்கவேண்டும். கொஞ்ச நேரம் பேச்சில்லாமல் போனால் ரவுட்டர் அந்த இணைப்பை மறந்துவிடும். மறக்காமல் இருக்கத்தான் அந்தத் துடிப்பு. எதிர்முனையில் இருக்கும் கட்டளை மையம் எப்போது வேண்டுமானாலும் அதே வழியில் வேலையை அனுப்பிவிடும்.

இரவு 1:50 வாக்கில் வேலை வந்தது. திரை அணைந்த போன் ஒரு நிமிடத்துக்குள் நாற்பது, ஐம்பது தளங்களைத் தொட்டது. உள்ளடக்கம் மறையாக்கத்துக்குள் இருந்ததால் அதைப் படிக்க முடியாது. ஆனால் இணைப்பின் முதல் வணக்கத்திலேயே தளத்தின் பெயர் பெரும்பாலும் திறந்த எழுத்தில் போகும், வயர்ஷார்க் அதைக் காட்டிவிடும். காலணி விற்கும் தளம், விமானச் சீட்டுத் தளம், விளம்பரச் சேவைகள் என்று ஓடிக்கொண்டே இருந்தது. நடுவில் ஒரு மின்னஞ்சல் சேவையின் உள்நுழைவு முகவரி மட்டும் திரும்பத் திரும்ப, நூறு தடவைக்கு மேல். எங்கேயோ திருடிய கடவுச்சொற்களை வரிசையாகப் போட்டு எது திறக்கிறது என்று பார்க்கும்போது இப்படித்தான் இருக்கும். யாருடைய கணக்கையோ உடைக்க முயன்ற கை என் அம்மாவின் போன். அதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார முடியவில்லை, ஹாட்ஸ்பாட்டை உடனே அணைத்துவிட்டேன்.

பாட்நெட் நடத்துகிறவர்களுக்குப் போன்தான் வசதி என்பதற்குக் காரணம் உண்டு. போன் அணைவதே இல்லை. வீட்டில் வைஃபை, வெளியே மொபைல் டேட்டா, எப்போதும் இணைப்பில் இருக்கிறது. மொபைல் டேட்டாவில் இருக்கும்போது ஒரே முகவரிக்குப் பின்னால் நூற்றுக்கணக்கான நிஜ மனிதர்கள் இருப்பார்கள். அந்த முகவரியைத் தடுத்தால் அவர்கள் அனைவரையும் தடுத்ததாகிவிடும் என்பதால் தளக்காரர்கள் தயங்குவார்கள். அந்தத் தயக்கம்தான் இவர்களுக்கு முதலீடு.

இதற்கு முன்மாதிரிகள் நிறைய. 2017 ஆகஸ்ட்டில் பிடிபட்ட வயர்எக்ஸ் என்ற பாட்நெட் பெரும்பாலும் ஆண்ட்ராய்டு கருவிகளால் ஆனது. ஆகஸ்ட் 17 அன்று நடந்த தாக்குதலில் 70,000க்கும் மேற்பட்ட முகவரிகள் ஒரே நேரத்தில் இறங்கின, நூற்றுக்கும் அதிகமான நாடுகளிலிருந்து. காணொளி ஓட்டும் செயலி, ரிங்டோன், சேமிப்பிடத்தை நிர்வகிக்கும் செயலி என்று சாதுவான முகத்தோடுதான் அவை இருந்தன. கூகுள் சுமார் 300 செயலிகளை பிளே ஸ்டோரிலிருந்து நீக்கியது. அகமாய், கிளவுட்ஃப்ளேர், கூகுள், ஆரக்கிள் டைன் போன்ற நிறுவனங்கள் தங்கள் பதிவுகளை ஒன்றாகப் போட்டுப் பார்த்துத்தான் அதைக் கண்டுபிடித்தன. வந்த கோரிக்கைகள் பலவற்றில் உலாவியின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் 26 ஆங்கில எழுத்துகளும் கலைத்துப் போட்டு நின்றன. அந்த ஒரு விசித்திரம்தான் நூலின் நுனியாக உதவியது. 2018 மார்ச்சில் சமோய் என்ற இன்னொரு பாட்நெட் உச்சத்தில் இருந்தபோது அதில் 2 கோடிக்கும் அதிகமான ஆண்ட்ராய்டு கருவிகள் இருந்தன. அம்மாவின் போனில் இருந்ததுபோல் குழாயாக மாற்றும் வகைக்கு 2024 மார்ச்சில் வெளிவந்த ப்ராக்ஸிலிப் நல்ல உதாரணம். அதில் பிளே ஸ்டோரிலேயே 28 செயலிகள் இருந்தன, பல இலவச விபிஎன் என்ற பெயரில். ஆகவே ஸ்டோரில் இருப்பதாலேயே நல்லது என்று எடுத்துக்கொள்ள முடியாது, ஆனால் ஸ்டோருக்கு வெளியே நிலைமை இன்னும் மோசம்.

நீக்க விடாத செயலி

போனின் அமைப்புகளில் டேட்டா கணக்கைத் திறந்தேன். இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். அது முதலில் காட்டுவது பெரும்பாலும் மொபைல் டேட்டா. வைஃபைக்குத் தனிப் பட்டியல் உண்டு, அதை மாற்றிப் பார்த்தால்தான் கதை தெரியும். அங்கே உச்சியில் காணொளிச் செயலி, அதற்கு அடுத்து ஒலியைக் கூட்டித் தரும் ஒரு செயலி. ஒலியைக் கூட்ட எதற்கு ஜிபி கணக்கில் டேட்டா? அதிலும் அத்தனையும் 'பின்னணி' என்ற கணக்கில்.

"ஏம்மா, இதை எப்பம்மா போட்ட?"

"வீடியோ கால்ல சத்தமே வரலைன்னு சொன்னேன்ல, அப்ப ஒரு விளம்பரம் வந்துச்சு. அதுல போட்டேன். நல்லா கேக்குதே கண்ணு, ஏன்?"

நன்றாகத்தான் கேட்டது. சொன்ன வேலையைச் செய்துகொண்டேதான் சொல்லாத வேலையையும் செய்தது. அந்த விளம்பரம் ஸ்டோருக்குப் போகாமல் உலாவியிலேயே நிறுவல் கோப்பை இறக்கியிருக்கிறது. "எல்லாச் செயலியிலும் சத்தம் கூட்ட இந்த அனுமதி வேண்டும்" என்று சொல்லி அணுகல்தன்மை சேவையையும் இயக்க வைத்திருக்கிறது. பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்குத் திரையைப் படித்துச் சொல்லவும், கை நடுங்குகிறவர்களுக்குப் பதிலாகப் பொத்தானை அழுத்தவும் உருவான வசதி அது. திரையில் இருப்பதைப் படிக்கும், விரல் போல அழுத்தவும் செய்யும். தீய செயலியின் கைக்குப் போனால் போனையே ஒப்படைத்த மாதிரி. ஆண்ட்ராய்டு 13 முதல், ஸ்டோருக்கு வெளியிலிருந்து வந்த செயலிக்கு இந்த அனுமதி அவ்வளவு சுலபமாகக் கிடைக்காதபடி ஒரு தடை வந்திருக்கிறது. அம்மாவுடையது 11.

எளிதில் ஏமாறுகிற ஆள் இல்லை அம்மா. அவருக்கு நிஜமாகவே ஒரு குறை இருந்தது, கேட்ட இடத்தில் மருந்து கிடைத்தது, வாங்கிக்கொண்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, சொல்லவும் கூடாது.

அன்இன்ஸ்டால் பொத்தானை அழுத்தினேன். திரை சட்டென்று முகப்புக்குப் போய்விட்டது. கை தவறிவிட்டதோ என்று மறுபடி போனேன். செயலியின் பக்கம் திறந்தது, பொத்தான் தெரிந்தது, விரல் படுவதற்குள் முகப்பு. அணுகல்தன்மைப் பக்கத்தைத் திறக்கப் பார்த்தேன், அதுவும் கண் இமைக்கும் நேரத்தில் மூடிக்கொண்டது. செயலி திரையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. தன்னை நீக்கும் பக்கம் வந்தால் 'முகப்பு' பொத்தானைத் தானே அழுத்திவிடுகிறது. குறுஞ்செய்தி வழியாக நாடு நாடாகப் பரவிய ஃப்ளூபாட் இதே தந்திரத்தைத்தான் வைத்திருந்தது. பார்சல் வருகிறது, இணைப்பைத் தொடு என்று வரும். தொட்டு நிறுவினால் அந்தப் போனின் தொடர்பு எண்களை எடுத்துக்கொண்டு, அங்கிருந்து இன்னும் பலருக்குச் செய்தி போகும். 2022 மே மாதம் நெதர்லாந்துக் காவல்துறை அதன் கட்டளை அமைப்பைத் துண்டித்தது, 11 நாடுகள் சேர்ந்து நடத்திய விசாரணை அது.

இதற்கு வழி சேஃப் மோட். பவர் பொத்தானை அழுத்தி, வரும் 'அணை' குறியை விடாமல் அழுத்திப் பிடித்தால் பல போன்கள் சேஃப் மோடில் ஏறவா என்று கேட்கும். சில போன்களில், போன் திரும்ப இயங்கத் தொடங்கும்போது ஒலி குறைக்கும் பொத்தானைப் பிடிக்கவேண்டும். அதில் நாம் நிறுவிய எந்தச் செயலியும் ஓடாது, ஆகவே திரையைத் தட்டிவிட ஆள் இருக்காது.

இதில் வரிசை முக்கியம். முதலில் அணுகல்தன்மையில் அதன் சேவையை அணைத்தேன். அடுத்து பாதுகாப்புப் பகுதியில் 'சாதன நிர்வாகி' பட்டியல். அங்கேயும் அது உட்கார்ந்திருந்தது, நிர்வாகி பதவியில் இருக்கும் வரை செயலியை நீக்க முடியாது, அதைப் பறித்தேன். கடைசியாகத்தான் அன்இன்ஸ்டால். இந்தத் தடவை மறுபேச்சில்லாமல் போனது. போனைச் சாதாரணமாக ஏற்றி, ஹாட்ஸ்பாட்டில் போட்டு இரவு முழுக்கப் பதிவு செய்தேன். துடிப்பு நின்றுவிட்டது.

நான் விட்டுவிட்டது

இரண்டு நாள் நிம்மதி. மூன்றாம் நாள் காலையில் ரவுட்டரைப் பார்த்தால் அம்மாவின் போன் மறுபடி சம அளவில் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தது. தேடி வந்த ஒன்றை மட்டும் நீக்கிவிட்டு, வேறு என்ன இருக்கிறது என்று நான் பார்க்கவில்லை. அதுதான் தவறு.

இம்முறை கணினியில் இணைத்துப் பார்த்தேன். போனின் 'பில்டு எண்'ணை ஏழு முறை தொட்டால் டெவலப்பர் பகுதி திறக்கும், அதில் யூஎஸ்பி டீபக்கிங்கை இயக்கினால் ஏடிபி என்ற கருவி போனோடு பேசும். நாமாக நிறுவிய செயலிகளை, ஒவ்வொன்றையும் நிறுவியது யார் என்ற விவரத்தோடு பட்டியல் கேட்கலாம். இந்த 'யார்' என்ற பகுதிதான் தங்கம். ஸ்டோரிலிருந்து வந்தவை ஸ்டோரின் பெயரைக் காட்டும். அம்மாவிடம் 34 செயலிகள், 33க்கு ஸ்டோரின் பெயர். ஒன்றுக்கு மட்டும் அந்த இடம் வெறுமை.

அதன் பெயர் 'சிஸ்டம் சர்வீஸ்' என்று இருந்தது, படம் பல்சக்கரம். செயலிப் பட்டியலின் கடைசிப் பக்கத்தில் கண்ணெதிரேதான் இருந்திருக்கிறது. தொட்டால் எதுவும் ஓடாது, செயலி விவரப் பக்கம் மட்டும் திறக்கும். போனோடு வந்ததுதான் என்று அம்மாவும் நினைத்தார், நானும் ஒருமுறை அதைத் தாண்டிப் போயிருக்கிறேன். பொதியின் உள்பெயரோ எந்த மொழியிலும் அர்த்தமில்லாத எழுத்துக் குவியல்.

அதன் நிறுவல் நேரத்தைக் கேட்டேன். இரவு 9:53. பதிவிறக்கக் கோப்புறையில் கிடந்த ஒலிச் செயலியின் கோப்புக்கு நேரம் 9:42. பதினொரு நிமிட இடைவெளி. அணுகல்தன்மை அனுமதி கிடைத்ததும் ஒலிச் செயலி தன் கூட்டாளியை இறக்கி, 'நிறுவு' பொத்தானைத் தானே அழுத்தியிருக்கிறது. முதல் ஆள் பிடிபட்டால் இரண்டாம் ஆள் சில நாள் மூச்சுக் காட்டாமல் இருந்து, பிறகு வேலையைத் தொடர்கிறான். தேவையான குறியீட்டை அவன் தனிச் செயலியாக நிறுவவேண்டியதுகூட இல்லை. இணையத்திலிருந்து இறக்கித் தனக்குள்ளேயே ஓட்டிக்கொள்ளலாம்.

அவனுக்கு இருந்த அனுமதிகளைப் பார்த்தபோதுதான் இனிச் சுத்தம் செய்வது போதாது என்று முடிவெடுத்தேன். குறுஞ்செய்தி படிக்கும் அனுமதி அதில் இருந்தது. ஓடிபி எல்லாம் அவன் கண்ணில் பட்டிருக்கும். பாட்நெட்டின் பலமே இதுதான், இன்றைக்குக் குழாய், நாளைக்குக் கட்டளை மாறினால் அதே போன் பணத்தைத் தேடும்.

அழித்து, திரும்பக் கட்டியது

ரீசெட் செய்வதற்கு முன்பே, என் மடிக்கணினியிலிருந்து அம்மாவின் மின்னஞ்சல் கடவுச்சொல்லை மாற்றி, எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்றினேன். நோய் இருக்கும் போனிலேயே புதுக் கடவுச்சொல்லைத் தட்டினால் அதையும் படித்துவிடுவார்கள். வங்கியின் கடவுச்சொல்லும் அப்படியே, கூடவே வங்கியைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லி வைத்தோம். வாட்ஸப்பில் இணைந்த கருவிகளின் பட்டியலைப் பார்த்தேன், அந்நியம் எதுவும் இல்லை. *#21# தட்டி அழைப்புகள் வேறு எண்ணுக்குத் திருப்பப்படுகின்றனவா என்றும் பார்த்தேன். இருந்தால் ##002# எல்லாத் திருப்பலையும் நீக்கிவிடும். எங்களுக்கு இல்லை.

படங்களையும் தொடர்பு எண்களையும் மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு ஃபேக்டரி ரீசெட். இதற்குப் பிறகும் பிழைக்குமா என்ற பயம் இருந்தது, காரணம் எக்ஸ்ஹெல்பர். 2019இல் பேசப்பட்ட அந்தச் செயலி ரீசெட் செய்தாலும் திரும்பி வந்தது. போனின் சிஸ்டம் பகுதிக்குள்ளேயே அது தன் கோப்புகளை எழுதி வைத்துக்கொண்டிருந்தது என்று காஸ்பர்ஸ்கி என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2020 ஏப்ரலில் விளக்கினார்கள். பெரும்பாலும் ஆண்ட்ராய்டு 6, 7 ஓடிய போன்களில். புதிய போன்களில், போன் இயங்கத் தொடங்கும்போதே சிஸ்டம் பகுதி மாறியிருக்கிறதா என்ற சோதனை நடப்பதால் அது அவ்வளவு எளிதில்லை. ரூட் செய்த போன் (சிஸ்டம் பகுதி வரை அனுமதி திறந்துவிட்டது), பூட்லோடர் (போன் இயங்கத் தொடங்கும்போது முதலில் ஓடும் நிரல்) பூட்டு திறந்த போன், பெயர் தெரியாத தயாரிப்பு இவற்றுக்கு மட்டும் இந்த நம்பிக்கையை நான் கொடுக்கமாட்டேன். அதில் ரீசெட்டுக்குப் பிறகும் துடிப்பு வந்தால் தயாரிப்பாளரின் அசல் மென்பொருளை முழுதாக ஏற்றவேண்டும், முடியாவிட்டால் போனை ஓரங்கட்டவேண்டும். ஐபோன் வைத்திருப்பவர்களும் 2009ஐ நினைவில் வைக்கலாம். ஆப்பிளின் பூட்டை உடைத்துத் திறந்த (ஜெயில்பிரேக் செய்த) ஐபோன்களில் எல்லோருக்கும் தெரிந்த ஒரே கடவுச்சொல் மாற்றப்படாமல் இருந்தது, அந்த வழியாகவே இகீ என்ற புழு பரவியது.

போன் மறுபடி ஏறியதும் 'பழைய செயலிகளைத் திரும்பக் கொண்டுவரவா' என்ற கேள்விக்கு வேண்டாம் என்றேன். தேவையானதை அம்மாவே சொல்லச் சொல்ல, ஸ்டோரிலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டேன். 34 இருந்த இடத்தில் 15 போதுமானதாக இருந்தது. இருந்த அப்டேட் எல்லாம் ஏற்றினேன். தீய செயலிகளைத் தேடும் கூகுளின் சோதனையான பிளே புரொடெக்ட் இயங்குகிறதா என்று பார்த்தேன். 'தெரியாத செயலிகளை நிறுவு' என்ற அனுமதி ஆண்ட்ராய்டு 8 முதல் ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனி. உலாவி, கோப்பு மேலாளர், வாட்ஸப் மூன்றுக்கும் அதை அணைத்தேன். அம்மாவின் போனில் நடந்தது மறுபடி நடக்கவேண்டுமானால் இந்த ஒரு வாசலைத் தாண்டித்தான் வரவேண்டும், ஆகவே எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் பெரிய காவல்.

அமைப்புகளில் 'பிரைவேட் டிஎன்எஸ்' என்று ஒன்று உண்டு, ஆண்ட்ராய்டு 9 முதல். தளத்தின் பெயரைச் சொன்னால் அதன் எண் முகவரியைத் தேடித் தருவதுதான் டிஎன்எஸ். அதில் தீய தளங்களின் பெயர்களுக்குப் பதில் சொல்ல மறுக்கும் குவாட்9 சேவையைப் போட்டேன். வைஃபையிலும் மொபைல் டேட்டாவிலும் வேலை செய்யும். ஆனால் இதைக் கவசம் என்று நம்பி உட்கார முடியாது. அம்மாவின் போனில் இருந்தது பெயரே கேட்காமல் எண் முகவரிக்கு நேராகப் போனது. ஃப்ளூபாட் ஆயிரக்கணக்கில் தளப் பெயர்களைத் தானே உருவாக்கி ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தது. வடிகட்டி சிலதைப் பிடிக்கும், சிலது நழுவும்.

சத்தம் வராத குறைக்கும் வழி பார்க்கவேண்டுமே. ஒலிபெருக்கித் துளையில் தூசி அடைத்திருந்தது. மென்மையான பல்துலக்கியால் தட்டி எடுத்தேன், கணீரென்று கேட்டது.

பத்து நாள் ஆகிறது. அம்மாவின் போன் இந்த வாரம் இறக்கியது 3.2 ஜிபி, ஏற்றியது 0.2. இரவு முழுக்க எடுத்த பதிவில் அந்த 45 நொடித் துடிப்பு இல்லை. படக்கட்டம் ஒருமுறைகூட வரவில்லை.

நேற்று இதையெல்லாம் அம்மாவிடம் விளக்கிக்கொண்டிருந்தபோது அவர் முகம் மாறியது. "அந்தச் செயலியை அக்காவுக்கும் அனுப்பினேனே. அவளுக்கும் சத்தம் கேக்கலைன்னு சொன்னா."

பெரியம்மாவின் போன் இப்போது என் மேசையில், சேஃப் மோடில் ஏறி நிற்கிறது. அணுகல்தன்மைப் பட்டியலில் அதே ஒலிச் செயலி. கடைசிப் பக்கத்தில் அதே பல்சக்கரம்.